எலுமிச்சம்பழம் நசுக்காத கார்

அந்தக் காலத்தில் வண்டிகள் வாய் திறந்து பேசும். ஹார்ன் என்ற சாமானே கிடையாது. வழி வேண்டுமென்றால் "கொஞ்சம் ஒதுங்கு சாமி" என்று சொல்லிவிட்டுப் போகும். மாட்டு வண்டி லாரியைத் திட்டும், லாரி பஸ்ஸைத் திட்டும், சாயங்காலமானால் எல்லாம் ஒரே புளியமரத்தடியில் நின்று ஊர்க்கதை பேசும்.

அப்போது வண்டிகளுக்கு இரண்டு எசமானர்கள். ஒருவர் சாலையார். ஊர் ஊராக நீண்டு படுத்திருப்பவர். யார் மேலே ஏறினாலும் "நீ யாரு, எங்கே போறே?" என்று கேட்காமல் விடமாட்டார். இன்னொருவர் பந்தயத்தார். கையில் எப்போதும் கட்டம் போட்ட ஒரு கொடி. ஒருத்தரைப் பார்த்தால் பக்கத்தில் இன்னொருத்தரை நிறுத்தி, இரண்டு பேரில் யார் உசத்தி என்று பார்த்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

ஆயுத பூஜை அன்று புது வண்டி ஒவ்வொன்றும் இவர்களில் ஒருவரிடம் சேர்ந்தாக வேண்டும். சாலையாரிடம் போகிற வண்டி, பட்டறை வாசலிலேயே நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் அவர்மேல் இறங்க வேண்டும். பழம் நசுக்காத சக்கரம் அவர்மேல் படக் கூடாது. பந்தயத்தாரிடம் போகிற வண்டி அவருடைய தராசில் ஏறி, மற்ற வண்டிகளுக்குச் சமமாகும்வரை தன்னைக் குறைத்துக்கொள்ள வேண்டும். அப்புறம் அவர் கொடிக்குப் பின்னால் போனால் சாலையார் எதுவும் கேட்கமாட்டார். இரண்டும் இல்லாமல், விளக்கு வைக்கிற நேரத்தில் பட்டறையில் சும்மா நிற்கிற வண்டி உலைக்குப் போகும். உருக்கிக் கடப்பாரை செய்துவிடுவார்கள். யார் வைத்த சட்டமோ எனக்குத் தெரியாது. வைத்த மனுஷன் ஒரு நாளாவது ஆசை தீர ஓடியிருக்கமாட்டான், அது மட்டும் நிச்சயம்.

மேற்கே, மலைக் கணவாய்க்குப் பக்கத்து ஊரில் பொன்னாத்தாள் என்று ஒருத்தி இருந்தாள். லேத்தும் உலையும் வைத்த பட்டறைக்காரி. ஓர் ஆடி மாதம் கணவாய்க் காற்று அவள் பட்டறைக் கூரைத் தகரத்தைப் பிய்த்துக்கொண்டு போனது. எல்லோரும் தகரத்தின் பின்னால் ஓட, அவள் மட்டும் காற்றைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இதை முந்துகிற மாதிரி ஒரு வண்டி செய்தால் என்ன? அந்தப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. வேறு வேலை எல்லாவற்றையும் தள்ளிவைத்து அவள் செய்த கார்தான் சூறை.

சூறைக்கு நெஞ்சு தரையை ஒட்டியிருக்கும். முதுகில் கதவு அகலத்துக்கு ஓர் இறக்கை. பறப்பதற்கு இல்லை, பறந்துவிடாமல் தரையோடு அழுத்திப் பிடிப்பதற்கு. உள்ளே ஒரே ஓர் ஆள் உட்காரலாம். ஊரார் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள்.

"ஏனுங்க பொன்னாத்தாக்கா, இதுல பொண்ணு அழைச்சுட்டு வர ஆகுமுங்களா?"

"ஆகாது."

"சந்தைக்குத் தக்காளி ஏத்திட்டுப் போக?"

"ஆகாது."

"அப்புறம் எதுக்குத்தானுங்க ஆகும்?"

"ஓடறதுக்கு" என்றாள் பொன்னாத்தாள். அவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தபடி போனார்கள்.

ஆயுத பூஜை வந்தது. லேத்துக்குச் சந்தனம், குங்குமம், வாசலில் வாழைக்கன்று. சூறையின் நாலு சக்கரத்துக்கும் முன்னால் நாலு எலுமிச்சம்பழம். வாசலில் இரண்டு எசமானர்களும் காத்திருந்தார்கள்.

சாலையார் முதலில் ஆரம்பித்தார். "இந்த நெஞ்சு என்மேல இருக்கற வேகத்தடையில இடிக்கும், தூக்கிக் கட்டு. இறக்கையைக் கழட்டு, பின்னால வர்றவனுக்கு மறைக்குது. சத்தத்தை அடக்கு. அப்புறம் பழத்தை நசுக்கு, நம்பர் தர்றேன்."

"எங்கிட்ட இறக்கை இருக்கலாம்" என்று குழைந்தார் பந்தயத்தார். "ஆனா மூச்சுக்குழாயைப் பாதி அடைச்சுப் போடோணும்."

"எதுக்குங்க?" என்றாள் சூறை.

"உன்ற வேகத்துக்கு மத்தவங்க புழுதியைத்தான் தின்னோணும். யாரு ஜெயிப்பாங்கன்னு முன்னாலயே தெரிஞ்சா எவன் வேடிக்கை பார்க்க வருவான்?"

வெயில் மேற்கே சாய்ந்தது. உள்ளே உலை அனல் கக்கிக்கொண்டிருந்தது. பொன்னாத்தாள் ரம்பத்தை எடுத்துவந்து இறக்கையின் அடியில் வைத்தாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"இறக்கை போனாப் போகுது கண்ணு. நீ உசுரோட இருந்தாப் போதும்."

"ஆத்தா, இதை அறுத்துட்டா மிச்சம் இருக்கறது நானா?" என்றாள் சூறை. "அறுக்கறதா இருந்தா நேரா உலையிலயே போட்டுரு. கடப்பாரையாவே இருந்துட்டுப் போறேன். அரைகுறைக் காரா இருக்கமாட்டேன்."

பொன்னாத்தாள் மூக்கைச் சிந்தினாள். ரம்பத்தைத் தூக்கி உலைக்குள் எறிந்தாள். ஆனால் அடுத்து என்ன செய்வது என்று அவளுக்கும் தெரியவில்லை.

எதிர்ப்பக்கம் சடையன் நின்றிருந்தான். கல் ஏற்றுகிற பழைய லாரி. காலையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவன் மெல்லத் தொண்டையைக் கனைத்தான்.

"அக்கா, நான் ஒண்ணு கேட்கறேன். பழம் நசுக்காத சக்கரம் சாலையார் மேல படக் கூடாது. அவ்வளவுதானே சட்டம்?"

"ஆமா."

"என்ற சக்கரம் படலாமுல்ல? நான் எப்பவோ நசுக்கியாச்சே. கல்லு ஏத்தற முதுகு, இந்தப் புள்ளையைத் தாங்காதா? அந்தப் பக்கம் பொட்டல் கிடக்குது. சாலையாரும் போனதில்லை, பந்தயத்தாரும் எட்டிப் பார்த்ததில்லை. அங்க கொண்டுபோய் இறக்கி விடறேன்."

பொன்னாத்தாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடடா, இது தோன்றாமல் போச்சே! சடையன் பின்பக்கமாக வந்து பட்டறை வாசலோடு ஒட்டி நின்றான். சாதாரணப் பலகை வைத்தால் சூறையின் நெஞ்சு இடித்தது. இரண்டு நீளப் பனங்கட்டைகளைச் சாய்த்துப் போட்டார்கள். சக்கரங்களுக்கு முன்னால் கிடந்த நாலு பழத்தையும் பொன்னாத்தாள் பொறுக்கி மடியில் கட்டிக்கொள்ள, சூறை கட்டைகளின்மேல் மெல்ல மெல்ல ஏறினாள். காற்றை முந்தப் பிறந்தவளின் முதல் நகர்வு எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது.

"அடேய் சடையா! என்ன அக்கிரமம்!" என்று சாலையார் கத்தினார்.

"உங்க மேல போறது நானுங்க. நம்பர் வேணுமா, பார்த்துக்கங்க" என்று சொல்லிவிட்டு, பொன்னாத்தாளையும் ஏற்றிக்கொண்டு சடையன் நகர்ந்தான்.

வழியில் ஒரு பஸ் கூடவே வந்தது. ஜன்னல் நிறைய ஜனங்கள், மடியில் பொரியும் கடலையும், ஒரே சிரிப்பு. சூறை அந்த ஜன்னல்களையே பார்த்துக்கொண்டு வந்தாள். பழத்தை நசுக்கியிருந்தால் நாமும் இப்படி நாலு பேரோடு ஊர் ஊராகப் போயிருக்கலாமே! தோன்றத்தான் செய்யும், இரும்பு என்றால் ஆசை இருக்காதா? ஆனால் இறக்கிவிடு என்று அவள் சொல்லவில்லை.

பொட்டலில் இறங்கினார்கள். பொன்னாத்தாள் தலையில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்தாள். அப்புறம் ஓடினாள் பாருங்கள் சூறை! கணவாய்க் காற்று துரத்திக்கொண்டு வந்து பாதியில் மூச்சு வாங்கி நின்றுவிட்டது. பொட்டல் முடிகிற இடத்தில் சாலையார் படுத்திருந்ததால் அவள் திரும்பினாள். மறு ஓரம் போய் மறுபடி திரும்பினாள். சக்கரம் போன இடமெல்லாம் கறுத்து, தொடங்கிய இடத்திலேயே வந்து முடிகிற ஒரு தடம் விழுந்தது.

பந்தயத்தார் கொடியோடு ஓடிவந்தார். "யாரோட போட்டி போடறே?"

"யாரோடயும் இல்லீங்க."

"அப்புறம் எப்படி ஜெயிப்பே?"

"ஜெயிக்கோணும்னு யாரு அழுதா?"

கொடியை ஆட்ட அவருக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. அக்குளில் இடுக்கிக்கொண்டார். ஊரில் விளக்கு வைத்தார்கள். பட்டறையில் சும்மா நிற்கிற வண்டி ஒன்றும் இல்லை. உலை வாயைத் திறந்து வைத்திருந்துவிட்டு, ஒன்றும் கிடைக்காமல் ஆறிப்போனது.

அதுவரை ஒருத்தரையொருத்தர் மதிக்காத எசமானர்கள் அன்றைக்குத்தான் ஒன்றாகச் சேர்ந்தார்கள்.

"உனக்கு நம்பர் கிடையாது! உன்ற சக்கரம் என்னைக்கும் என்மேல படக் கூடாது!" என்றார் சாலையார்.

"உனக்குக் கோப்பை கிடையாது! உன்ற பேரை என்ற பலகையில எழுதவே மாட்டேன்!" என்றார் பந்தயத்தார்.

சூறை நின்றாள். உடம்பெல்லாம் தகித்துக்கொண்டிருந்தது. இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

"நான் கேட்டேனா?" என்றாள். அடுத்த சுற்றுக்குக் கிளம்பிவிட்டாள்.

பட்டறைக்குத் திரும்பியதும் பொன்னாத்தாள் மடியில் இருந்த நாலு பழத்தையும் நறுக்கிப் பிழிந்து, சர்க்கரை போட்டு, சிரித்துவிட்டுப் போன ஊராருக்கே ஆளுக்கொரு டம்ளர் கொடுத்தாள். அவர்களும் வெட்கமில்லாமல் குடித்தார்கள்.

அன்று முதல்தான், சாலையிலும் இறங்காத, பந்தயத்திலும் சேராத கார்கள் லாரி முதுகில் ஏறிவந்து, தங்களுக்கென்று கிடக்கிற தடத்தில் ஆசை தீர ஓடிவிட்டு, லாரியிலேயே வீடு திரும்புகின்றன. பக்கத்தில் போகிற பஸ்ஸிலிருந்து யாராவது எட்டிப் பார்த்து, "இத்தனை பெரிய காரு, எதுக்குத்தான் ஆகும்?" என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். கேட்கட்டும். பொன்னாத்தாள் அன்றைக்கே பதில் சொல்லியாயிற்று.