வேகமான மெமரி எது

"புது மெமரியில போட்டாச்சு டீச்சர். பழசவிட மெதுவா ஓடுது."

கஸ்பார் சொன்னது அவ்வளவுதான். முகம் வெளிறிப்போயிருந்தது.

பனிமயம் டீச்சர் அப்போதுதான் சாப்பாட்டைத் திறந்திருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

டீச்சர் என்றதும் வயசானவர் என்று நினைக்க வேண்டாம். கஸ்பாருக்கு மகள் வயசு. பாதி ஆயுசு கடலில் கிடந்த மனுஷன், முழங்கால் போனபிறகு, எனக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடு என்று இவரிடம் வந்து நின்றார். இவர் அவரை மாமா என்பார். அவர் இவரை டீச்சர் என்பார். அது அப்படித்தான்.

இடம் தூத்துக்குடி பக்கம் ஒரு மீனவர் சங்கத்து அறை. பெரிய கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறது. ராத்திரி அலை எவ்வளவு எழும்பும் என்று அது கணக்குப் போடும். கணக்கு முடிந்ததும் சங்கத்து ரேடியோவில் சொல்வார்கள்.

சாயங்காலம் நாலு மணிக்கு வள்ளங்கள் கிளம்பிவிடும். அதற்குப் பிறகு சொல்லி என்ன, சொல்லாமல் என்ன.

அன்றைக்குக் கணக்குக்கு வேண்டிய காற்று விவரம் வந்ததே லேட். வழக்கமான வேகத்தில் ஓடினால் நாலரை ஆகும். அதனால்தான் கஸ்பார் புது மெமரிக்கு மாற்றினார். இப்போது முடிய ஆறு மணி ஆகும் என்று காட்டியது.

போன் அடித்தது. அவர் மகன் லியோன்.

"அப்பா, ஐஸ் ஏத்தியாச்சு. போவட்டா?"

"இருல."

"எல்லாரும் கெளம்புதாவ."

"கெளம்பட்டும். நீ இரு. அவியளயும் இருக்கச் சொல்லு."

"நீ சொன்னா கேப்பாவளா? ரேடியோ சொன்னாத்தான் கேப்பாவ."

வைத்துவிட்டான்.

"எதுக்கு மாமா அந்த மெமரிய எடுத்தீங்க?" என்றார் டீச்சர்.

"அதுக்குத்தான வேகம் ஜாஸ்தி. நான் சொல்லல. மெஷினே சொல்லுது."

மெஷின் சொல்வது உண்மைதான். அதில் கணக்குப் போட ரெண்டு ப்ராசசர், கணக்கை வைத்துக்கொள்ள ரெண்டு வகை மெமரி. இடது ப்ராசசர் பக்கத்தில் பழைய மெமரி, பெரிசு. வலது ப்ராசசர் பக்கத்தில் புது மெமரி, சின்னது. கேட்டால் எவ்வளவு நேரத்தில் கொடுக்கும், ஒரு நொடியில் எவ்வளவு அள்ளிக் கொடுக்கும் என்று ஒவ்வொரு மெமரிக்கும் ஆபரேட்டிங் சிஸ்டம் ஒரு ஃபோல்டரில் போட்டு வைத்திருக்கும். அள்ளிக் கொடுப்பதில் புதுசு, பழசைப் போல மூணு மடங்கு.

"எங்க சொல்லுது?"

"அந்த மெமரியோட ஃபோல்டர்ல."

"திறந்ததும் நம்பர் இருந்துச்சா?"

"எங்க. உள்ள ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள இன்னொண்ணு. அதுக்குள்ள கொண்டுபோய் ஒளிச்சு வச்சிருக்கான்."

"அந்தக் கடைசி ஃபோல்டருக்கு என்ன பேரு?"

"பேர எவன் பாத்தான். நம்பரப் பாத்தேன், வந்தேன்."

டீச்சர் தலையை ஆட்டினார்.

நேராகச் சொல்லியிருக்கலாம். அரை நிமிஷ வேலை. அந்தப் பழக்கமே அவருக்குக் கிடையாது.

நண்டுக் குழம்பு இருந்த கிண்ணத்தை எடுத்து நீட்டினார்.

"இதப் பிடிங்க. அந்த வாசல்ல போய் நில்லுங்க."

"டீச்சர், மணி ரெண்டே முக்கால்."

"நில்லுங்க மாமா."

போய் நின்றார். டீச்சர் தட்டில் வெறும் சோறு இருந்தது.

"குழம்பு எப்படி?"

"உங்கம்மா வச்சதா? வாசனை ஆளத் தூக்குது."

"இந்த ரூம்லயே நல்ல சாப்பாடு அதுதானா?"

"அதுதான்."

"அப்ப எனக்கு ஊத்துங்க."

கஸ்பார் ஒரு எட்டு எடுத்து வைத்தார்.

"நகரக்கூடாது. கிண்ணம் அங்கதான் இருக்கும்."

"அப்புறம் எப்படி ஊத்த? கரண்டி கரண்டியா எறியவா?"

"நல்ல குழம்புன்னு சொன்னீங்க."

"நல்ல குழம்புதான். நீ அங்க உக்காந்துக்கிட்டு..."

கோபத்தில் 'நீ' வந்துவிட்டது. அவர் கவனிக்கவில்லை.

டீச்சர் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். வாசலுக்கு வந்தார். கஸ்பார் கையில் இருந்த கிண்ணத்திலிருந்து குழம்பை ஊற்றிக்கொண்டு, நின்றபடியே சாப்பிட ஆரம்பித்தார்.

கஸ்பார் கிண்ணத்தைப் பார்த்தார். டீச்சர் விட்டுவிட்டு வந்த நாற்காலியைப் பார்த்தார்.

அப்புறம் கிண்ணத்தை டீச்சர் தட்டிலேயே வைத்துவிட்டு, முழங்கால் வலியோடு ஓடினார்.

கீபோர்டில் ரெண்டே விரல். இருந்தும் வேகமாகத்தான் தட்டினார். மெமரியின் ஃபோல்டரைத் திறந்தார். உள்ளே போனார். இன்னும் உள்ளே போனார். இந்தத் தடவை பேரைப் படித்தார்.

இங்கிலீஷில் இருந்தது. தமிழில் சொன்னால், கேட்கிறவர்கள்.

அந்த ஃபோல்டருக்குள் நம்பரோடு ஒரே ஒரு ப்ராசசர் பேர் கிடந்தது. வலது பக்கத்து ப்ராசசர். அது கேட்டால்தான் அந்த வேகம்.

அவர் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது இடது பக்கத்தில்.

"அட முட்டாப்பயலே" என்றார், தன்னைத்தான்.

நிறுத்தினார். மெமரியைத் தொடவில்லை. வலது ப்ராசசரில் ஓடச் சொல்லி ஒரு வரி சேர்த்துத் திரும்ப விட்டார்.

டீச்சர் கை கழுவிவிட்டு வந்தபோது, முடியும் நேரம் மூணே முக்கால் என்று காட்டியது. ரெண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அது நாலைத் தாண்டவில்லை.

கணக்கு வந்தது. ராத்திரி ஆள் உயரத்துக்கு ரெண்டு மடங்கு அலை.

ரேடியோ சொன்னது. யாரும் போக வேண்டாம்.

ஜன்னல் வழியாகக் கரை தெரியும். முதலில் ஒரு வள்ளத்தை மேலே இழுத்தார்கள். அப்புறம் இன்னொன்று. அப்புறம் வரிசையாக.

போன் அடித்தது.

"இவ்வளவு ஐஸும் வீணாப் போச்சு. இத வச்சு நான் என்ன செய்ய?" என்றான் லியோன்.

"தலையில வச்சுக்கோல" என்றார் கஸ்பார். போனைக் கையிலேயே வைத்திருந்தார்.

"அழுறீங்களா மாமா?"

"ஏசி காத்து டீச்சர். கண்ணுல அடிக்கி."

"ஏசி ரிப்பேராகி ஒரு வாரம் ஆச்சு."

ரெண்டு பேரும் சிரித்தார்கள்.

கிளம்பும்போது டீச்சர் ஒரு மார்க்கரை அவரிடம் கொடுத்தார். சுவரில் வெள்ளைப் பலகை இருந்தது.

"திங்கக்கெழம புதுசா ரெண்டு பேரு படிக்க வாராங்க. அவங்களும் உங்கள மாதிரி முழிக்க வேண்டாம். இந்த மெஷின்ல வேகமான மெமரி எதுன்னு பெரிசா எழுதி வைங்க. ஒரே வரி போதும்."

"இவ்வளவுதான? எழுதிட்டாப் போச்சு."

கஸ்பார் மூடியைக் கழற்றினார். 'இந்த மெஷின்ல வேகமான மெமரி' வரைக்கும் எழுதினார்.

கை நின்றது. கேட்கிறது எந்த ப்ராசசர்?

டீச்சரைத் திரும்பிப் பார்த்தார். டீச்சர் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். முகத்தில் ஒன்றும் இல்லை.

"என்ன மாமா, நேரமாச்சு. எழுதுங்க."

கஸ்பார் எழுதியதை உள்ளங்கையால் அழித்தார். மூடியைத் திரும்பப் போட்டு, மார்க்கரை டீச்சர் கையிலேயே கொடுத்துவிட்டு, விளக்கை அணைத்தார்.