டேங்க் மேல் ஏறிய ரவுட்டர்

கோயம்புத்தூர் கணபதியில் ஒரு பம்ப்செட் கடை. அதில் மூன்று பேர். மேனேஜர் மருதாசலம், பைப் மாட்டுகிற ரங்கசாமி, மோட்டார் பழுது பார்க்கிற கிட்டுசாமி. தண்ணீர் விஷயத்தில் மூவரையும் அடித்துக்கொள்ள ஆளில்லை. எந்த போர்வெல்லுக்கு எந்த மோட்டார், எந்த வளைவில் தண்ணீர் திணறும் என்பதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். மற்ற விஷயங்களையும் அவர்கள் கண்ணை மூடிக்கொண்டுதான் சொல்வார்கள். வம்பு அங்கேதான்.

முதலாளியம்மா ருக்மணி மகளின் பிரசவத்துக்காக மஸ்கட் போயிருந்தார். போகும்போது மருதாசலத்திடம் ஒரே ஒரு பொறுப்பை ஒப்படைத்திருந்தார். ஒரு பெரிய மகளிர் விடுதிக்கு பம்ப் சப்ளை செய்யும் டெண்டர். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அதைக் கம்ப்யூட்டர் வழியாக அனுப்பிவிட வேண்டும். கிடைத்தால் கடை ஓடும். கிடைக்காவிட்டால் இடத்தை ஒரு பேக்கரிக்காரருக்கு விட்டுவிடுவதாக அம்மா பேசி முடித்திருந்தார். மருதாசலத்துக்கு அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை. இந்த வயதில் பன் அடுக்கப் பழக வேண்டுமே என்று உண்மையாகவே பயந்து போயிருந்தார்.

கடையில் இருந்த இன்டர்நெட் ஒரு நோஞ்சான். அம்மா மஸ்கட்டில் உட்கார்ந்து கேமராவில் கடையைப் பார்க்க ஆரம்பித்தால் இங்கே டெண்டர் பக்கம் திறக்காது. அதற்காகவே புதிதாக ஒரு லைன் இழுத்து, இரண்டு லைனையும் சேர்த்து மாட்டும்படி ஒரு ரவுட்டரும் வாங்கிக் கொடுத்திருந்தார். எது எந்த லைனில் போக வேண்டும் என்று அதில் விதிகளாக எழுதி வைத்துவிட்டால் தீர்ந்தது வேலை. எப்படி எழுதுவதென்று ஃபோனில் சொல்லித்தர ஷாஹினா என்றொரு பெண் கிடைத்தாள். ரவுட்டர் விற்ற கடையின் டெக்னீஷியன். பொறுமைசாலி, பாவம்.

“கேமராவப் பழைய லைனுக்கு மாத்திருங்கண்ணா. டெண்டர் கம்ப்யூட்டர் மட்டும் புது லைன்ல போகட்டும்,” என்றாள்.

கிட்டுசாமி உடனே ஏணி போட்டு ஏறினார். வாசலைப் பார்த்திருந்த கேமராவைக் கழற்றி, பின் சுவரில் பழைய லைன் வருகிற இடத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மாட்டினார். சற்று நேரத்தில் மஸ்கட்டிலிருந்து அழைப்பு. கடை எங்கே, ஒரு ஒயர்தானே தெரிகிறது என்று அம்மா கேட்டார். டெக்னீஷியன் சொன்னபடிதான் மாற்றியிருக்கிறோம் என்று மருதாசலம் பணிவாகச் சொன்னார். நமக்குப் புரியாத தொழில்நுட்பம் போல என்று அம்மா அதோடு விட்டுவிட்டார்.

அடுத்ததாக ஷாஹினா, டெண்டருக்கான விதியை எல்லாவற்றுக்கும் மேலே வைக்கச் சொன்னாள். ரவுட்டர் எப்போதும் மேலிருந்து கீழாகத்தான் வரும், மேலே இருப்பதுதான் முதலில் ஓடும் என்று விளக்கினாள். மருதாசலம் ஃபோனை வைத்துவிட்டு மற்ற இருவரையும் கூப்பிட்டார். ஆலோசனை தொடங்கியது.

“மேல இருந்து கீழ வர்றதுன்னா, அது டேங்க் சமாச்சாரமுங்க,” என்றார் ரங்கசாமி.

“பொட்டிய மேஜை மேல வெச்சிருக்கறோம். மேஜை ஒசரத்துல என்னுங்க பிரஷர் வரும்?” என்றார் கிட்டுசாமி.

மருதாசலம் கூரையை அண்ணாந்து பார்த்து யோசித்தார். “ரெண்டு மாடியாச்சும் ஏத்தோணும்,” என்று தீர்ப்புச் சொன்னார்.

ரவுட்டர் மொட்டை மாடிக்குப் போய், கறுப்பு டேங்கின் மூடிமேல் அமர்ந்தது. கேபிள் எட்டவில்லை. ஆனால் எட்டாத பைப்பை எட்ட வைப்பதுதானே ரங்கசாமியின் தொழில். கேபிளை வெட்டி, இன்னொரு துண்டு கேபிளைச் சேர்த்து, நடுவில் அரை இஞ்ச் பிவிசி கப்ளிங் போட்டு, பசை தடவி ஒட்டினார். பிறகு சோப்பு நுரை பூசிப் பார்த்தார். ஒரு குமிழிகூட வரவில்லை. அவ்வளவு கச்சிதமான ஜாயின்ட் அந்த வட்டாரத்தில் எந்த நெட்வொர்க்கிலும் கிடையாது.

ஆனாலும் டெண்டர் பக்கம் திறக்கவில்லை.

லைனில் காற்று அடைத்திருக்கிறது என்பது ரங்கசாமியின் கட்சி. கேபிளின் நுனியை வாயில் வைத்து, கன்னம் குழிய உறிஞ்சினார். முதலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி நிரப்பினால்தான் எதுவும் இழுக்கும் என்பது கிட்டுசாமியின் கட்சி. அவர் சொம்போடு டேங்க் மேல் ஏறி ரவுட்டரை நெருங்கினார். மருதாசலம் பாய்ந்து அவர் கையைப் பிடித்தார். பாதுகாப்பு விஷயத்தில் மருதாசலம் மகா கண்டிப்பு. மெயினை அணைக்காமல் தண்ணீர் ஊற்றக்கூடாது என்று கடிந்துகொண்டு, கீழே ஓடிப்போய்க் கடை முழுக்கக் கரண்டை அணைத்துவிட்டு வந்தார்.

அந்த நேரம் பார்த்து ஷாஹினா கூப்பிட்டு, எந்த அளவில் இருக்கிறது என்று கேட்டாள்.

“ஒசரம் நல்லா குடுத்திருக்கறோமுங்க அம்மிணி. கசிவு இல்லை. ரங்கசாமி உறிஞ்சிப் பாத்துட்டாரு, காத்துதான் வருது. இப்பத் தண்ணி ஊத்தப் போறமுங்க,” என்றார் மருதாசலம்.



“நான் வர்ற வரைக்கும் எதையும் தொடாதீங்கண்ணா,” என்றாள் ஷாஹினா.

தொடவில்லை. மருதாசலம் கையிலிருந்த ஃபோனையும் மெதுவாகத் தரையில் வைத்தார். மூவரும் கைகளை உடம்பை விட்டுத் தள்ளி வைத்துக்கொண்டு மாடியில் நின்றார்கள். டீ வந்தது, ஆறியது. கீழே யாரோ வால்வு வேண்டும் என்று கூவிப் பார்த்துவிட்டுப் போனார். கேமராவும் அணைந்துவிட்டதைப் பார்த்து மஸ்கட்டிலிருந்து அம்மா கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். காலடியில் ஃபோன் அலறுவதை மூவரும் கவலையோடு குனிந்து பார்த்தார்கள். அன்றுதான் வெள்ளிக்கிழமை; மணி நான்கு தாண்டியது. மருதாசலத்தின் மூக்கு நுனியில் வியர்வை தொங்கியது. அதைத் துடைக்கவும் அவருக்குத் துணிச்சல் வரவில்லை.

ஷாஹினா ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தாள். ரவுட்டரை இறக்கினாள். கப்ளிங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் பைக்குள் போட்டுக்கொண்டாள். புதுக் கேபிள் மாட்டினாள், மெயினைப் போட்டாள், விதிகளைத் தானே எழுதினாள். ஐந்து அடிக்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது டெண்டர் போய்ச் சேர்ந்தது. மருதாசலத்துக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

கிளம்பும்போது அவள் நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள். “இனிமே விடுதிக்கு அனுப்புறது எதுவா இருந்தாலும் புது லைன்லதான் போகும். அப்படித்தான் வெச்சிருக்கேன். தயவுசெஞ்சு எதையும் மாத்தாதீங்கண்ணா.” மருதாசலம் அதை அப்படியே ஒரு தடவை திருப்பிச் சொல்லிக் காட்டினார்.

டெண்டர் கிடைத்துவிட்டது. அம்மா மஸ்கட்டில் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்ததாகக் கேள்வி. பேக்கரிக்காரரிடமும் வேறு இடம் பார்க்கச் சொல்லிவிட்டார். பம்ப்களை ஏற்றிப் போக ஒரு நாள் காலையில் டெம்போ ஒன்றை ஏற்பாடு செய்தார். டெம்போ வந்தது. விடுதிக்குப் போகிற சரக்கை இனிமேல் ரோட்டில் அனுப்புவதில்லை என்று சொல்லி, மருதாசலம் டிரைவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பினார்.

சாயங்காலம் அம்மா கூப்பிட்டு, பம்ப் எல்லாம் கிளம்பிவிட்டதா என்று கேட்டார்.

“கெளம்பிருச்சுங்கம்மா,” என்றார் மருதாசலம். “புது லைன் ரொம்பச் சன்னமுங்க, பம்ப் முழுசா நொழைய மாட்டேங்குது. அதுனால எல்லாத்தையும் கழட்டி, ஒவ்வொரு சாமானா உட்டுட்டிருக்கறோம். மொதோ வாஷர் இப்பத்தான் ரவுட்டருக்குள்ள போச்சு. அங்க வந்து உழுந்துருச்சான்னு விடுதியில கேட்டுச் சொன்னீங்கன்னா, அடுத்ததை உட்டுருவோமுங்க.”