இருபத்து நான்கு முதல் கற்கள்

முன்னொரு காலத்தில் ஓர் ஆற்றின் இரண்டு கரைகளையும் இரண்டு ராஜாக்கள் ஆண்டு வந்தார்கள். இருவருக்கும் சண்டையே கிடையாது. சண்டை இருந்தால் தளபதிகள் கொழுப்பார்கள். இங்கே நட்பு இருந்தது, அதனால் பிரதானிகள் கொழுத்தார்கள்.

எப்படி என்கிறீர்களா? ஆற்றுக்குப் பாலம் கட்டுவதற்காக இரண்டு ராஜாக்களும் பொன் போட்டு ஒரு பெட்டி வைத்தார்கள். அதற்குப் பெயர் இருகரை நட்பு நிதி. பெட்டிக்கு இரண்டு பூட்டு, கரைக்கு ஒரு சாவி. இரண்டு நாட்டுப் பிரதானிகளும் ஒருமனதாக ஒப்புக்கொண்ட செலவுக்கு மட்டுமே பெட்டி திறக்கும். அது விதி.

பாலத்தை எந்தக் கரையிலிருந்து தொடங்குவது என்று பேச ஆரம்பித்தார்கள். இக்கரையில் தொடங்கினால் அக்கரைக்குக் கௌரவக் குறைச்சல். அக்கரையில் தொடங்கினால் இக்கரைக்குத் தலைகுனிவு. பன்னிரண்டு வருஷம் பேசினார்கள். ஒவ்வொரு வருஷமும் பேச்சு முடிவதற்கு முன்னால், ஒரு விஷயத்தை மட்டும் இரு தரப்பும் கைதட்டி ஒப்புக்கொண்டன: கரைக்கு ஒன்றாக அடிக்கல் நாட்டி, பத்து நாள் விருந்து வைப்பது. பெட்டி உடனே திறந்துகொள்ளும். ஆக, பாலம் ஒன்றுகூட இல்லை. பாலத்தின் முதல் கல் மட்டும் இருபத்து நான்கு.

அந்த வருஷம் புரட்டாசியில், ஆற்றங்கரை மருத்துவச்சி சிலம்பாயி நேராக இக்கரை ராஜாவின் சபைக்கே வந்து நின்றாள்.

"மவராசா, என் மக அக்கரையில வாக்கப்பட்டிருக்கா. ஐப்பசியில அவளுக்குப் பேறுகாலம். ஊருக்கெல்லாம் பிள்ளை எடுத்துவிட்ட கை இது. ஆத்துல வெள்ளம் வந்துட்டா எம்மகளுக்கு நான் போக முடியாது. போன வருஷம் ஒருத்தி அக்கரையில துடிக்கத் துடிக்கக் கெடந்து போய்ச் சேந்தா. நான் இந்தக் கரையில நின்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

ராஜாவுக்கு மனம் இளகியது. கூடவே ஒரு ஆசையும் பிறந்தது. அவர் அப்படித்தான்.

"ஐப்பசி முதல் நாள் அக்கரை மன்னர் வர்றார். நான் ஆத்து நடுவுல நடந்து போய் அவரைக் கட்டித் தழுவணும். கால் நனையக் கூடாது! யாரு செய்யிறீங்க?"

பிரதானி விருத்தகிரியார் எழுந்தார். சபையின் விகடகவி சொக்கப்பனைக் கண்டால் அவருக்கு ஆகாது. போன விழாவில் அவர் பேசிக்கொண்டிருக்கும்போது சொக்கப்பன் பாய் விரித்துப் படுத்துவிட்டான்; அந்தக் கோபம்.

"மகாராஜா, எல்லாரையும் கேலி பண்றாரே நம்ம சொக்கப்பன், அவர்கிட்டயே கொடுத்துடலாம். முடியலேன்னா நாட்டைவிட்டே போயிடணும். ஆனா விதி விதிதான். நிதியிலிருந்து அடிக்கல் விழாச் செலவுக்கு மட்டும்தான் காசு. பாலம்னு சொல்லி ஒரு பைசா கிடையாது."

"சரிங்க ஐயா," என்றான் சொக்கப்பன். "இந்த வருஷ விழாவை நானே நடத்திக்கலாமா?"

"தாராளமா."

"புதுக்கல் வேணாம். பழைய கல்லையே எடுத்து மறுபடி நட்டுக்கலாமா?"

விருத்தகிரியார் வயிறு குலுங்கச் சிரித்தார். "நட்டுக்கோ ஐயா! எங்க வேணும்னாலும் நட்டுக்கோ. எத்தனை வேணும்னாலும் நட்டுக்கோ."

"அதை ஓலையில எழுதிக் கொடுத்துடுங்க."

எழுதிக் கொடுத்தார். விழா என்றதும் அக்கரைப் பிரதானியும் படிக்காமலே முத்திரை குத்தினார். பெட்டி திறந்தது.

சொக்கப்பன் விருந்துக்கு அரிசி, பருப்பு, நெய், வெல்லம் எல்லாம் வாங்கினான். இலை போட்டது அரண்மனையில் அல்ல, ஆற்று மணலில். இரண்டு கரையிலும் தோள் வலுவுள்ள கல்தச்சர்களையும் குடியானவர்களையும் விருந்தாளிகளாக அழைத்தான். காலையில் சாப்பாடு, பிறகு ஒரு கல்லைத் தூக்கி நடுவது, மத்தியானம் சாப்பாடு, பிறகு இன்னும் ஒன்றிரண்டு கல். பத்து நாளும் விழாதான். விதியில் ஓர் எழுத்துக்கூடப் பிசகவில்லை.

கற்களை எங்கே நட்டான்? ஆற்றுக்குள். பாறைத்துறையில் ஆறு குறுகும். இடையிடையே பாறைகள் தலை நீட்டிக்கொண்டிருக்கும். ஆரம்ப வருஷத்துக் குட்டைக் கற்களை முட்டுத் தூண்களாக நிறுத்தினான். பிந்தைய வருஷக் கற்கள் ஒவ்வொன்றும் இரண்டு ஆள் நீளம். அவற்றைப் பாறைக்குப் பாறை படுக்க வைத்தான்.

ஐப்பசி முதல் நாள். அந்தக் கரையில் அந்த ராஜா, இந்தக் கரையில் இந்த ராஜா. நம் ராஜா முதல் கல்லில் கால் வைத்தார்.

"நிறுத்துங்க மகாராஜா!" விருத்தகிரியார் கத்திக்கொண்டு ஓடி வந்தார். "இது அடிக்கல்! உங்க திருநாமம் வெட்டின கல்! ஊரே உங்க பேரை மிதிக்கப் போகுது. இது ராஜத் துரோகம்!"

ராஜாவின் முகம் சிவந்தது. காவலர்கள் வாளில் கை வைத்தார்கள்.

"ஐயா சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றான் சொக்கப்பன். "பேரு எந்த இடத்துல இருக்குன்னு காட்டிட்டாருன்னா, நான் இப்படியே நாட்டைவிட்டுப் போயிடறேன்."

விருத்தகிரியார் குனிந்தார். "இருகரைச் செல்வர்... ஒற்றுமைச் சிகரம்... நட்பு வளர்த்த நாயகர்... எல்லை கடந்த இதயம்... பிரதானி விருத்தகிரியார்..." கல் முடிந்துவிட்டது. அடுத்த கல்லுக்குத் தவழ்ந்தார். அதிலும் ஒற்றுமைச் சிகரம். அதற்கடுத்ததிலும். வேட்டி நனைய, கிரீடம்போல் கட்டிய தலைப்பாகை அவிழ, தன் பட்டங்களைத் தானே வாசித்தபடி நாலு காலில் பாதி ஆற்றைக் கடந்துவிட்டார். அக்கரையிலிருந்து அந்தப் பிரதானியும் தன் ராஜாவின் பேரைத் தேடி அதே கோலத்தில் எதிரே தவழ்ந்து வந்தார். நடுவில் இரண்டு தலைகளும் முட்டிக்கொண்டன.

"எங்கய்யா என் பேரு?" என்றார் ராஜா.

"அது... இடம் பத்தலை மகாராஜா."

விழாவில் கல்லைப் பட்டுத்துணியாலும் மாலையாலும் மூடியே காட்டுவார்கள். ராஜா ஒரு தடவைகூட வாசித்ததில்லை.

"முதல் வருஷத்துக் கல்லுல மகாராஜா பேர் இருக்கு," என்றான் சொக்கப்பன். "அது தண்ணிக்குள்ள தூணா நின்னு பாலத்தைத் தாங்குது. அதை யாரும் மிதிக்க முடியாது. அப்புறம் வருஷா வருஷம் ஐயாவுக்குப் பட்டம் நீண்டுது, பட்டம் நீள நீளக் கல்லும் நீண்டுது. இல்லேன்னா பாறைக்குப் பாறை எட்டியிருக்குமா? இன்னும் ரெண்டு பட்டம் வாங்கியிருந்தாருன்னா கடலையே தாண்டியிருக்கலாம்."

ராஜா வாய்விட்டுச் சிரித்தார். அந்த ராஜாவும் சிரித்தார். பிரதானிகளின் முதுகைத் தாண்டிப் போய்க் கட்டித் தழுவிக்கொண்டார்கள். கால் நனையவில்லை.

"மகாராஜா," என்று விருத்தகிரியார் கெஞ்சினார், "கல்லையாவது குப்புறத் திருப்பிப் போடச் சொல்லுங்க. கண்டவனும் மிதிப்பான்."

"அந்தப் பக்கம் வழவழன்னு இருக்கு ஐயா, மழையில வழுக்கும்," என்றான் சொக்கப்பன். "எழுத்து வெட்டின பக்கம்தான் காலுக்குப் பிடிப்பு. இத்தனை வருஷத்துல நீங்க செஞ்ச ஒரே உபகாரம் அது, விட்டுடாதீங்க."

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றிச் சொக்கப்பன் கழுத்தில் போட்டார். கூடவே ஓர் உத்தரவும் போட்டார்: இனிமேல் கல்லில் தன் பெயர் வேண்டும் என்கிறவர், அந்தக் கல்லைத் தானே தூக்கி வர வேண்டும். அன்றிலிருந்து அந்த நாட்டில் யாருமே அடிக்கல் நாட்டவில்லை.

ஐப்பசி பத்தாம் நாள் வெள்ளம் வந்தது. ஆறு நுரைத்துக்கொண்டு ஓட, மருந்துப் பையை இடுப்பில் கட்டிக்கொண்டு சிலம்பாயி பாலத்தில் நடந்தாள். நடுவில் எதிரே வந்த சொக்கப்பனைப் பார்த்து நின்றாள். அவளுக்கு எழுத்து தெரியாது.

"கல்லு பூரா என்னமோ கொத்தி வெச்சிருக்காங்களே தம்பி, என்னது அது?"

"கால் வழுக்காம இருக்கக் கொத்தினது ஆத்தா. நல்லா அழுத்தி மிதிச்சுப் போங்க."

அவள் அழுத்தி மிதித்துப் போனாள். பொழுது சாய்வதற்குள் அக்கரையில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. அந்தச் சத்தம் இந்தக் கரை வரைக்கும் கேட்டது.