கெர்னலுக்குள் மறைவு வந்த கதை

அந்தக் காலத்தில் கெர்னலின் பகுதிகள் ஒன்றிடமிருந்து ஒன்று எதையும் மறைத்ததில்லை. கருவியின் எல்லா வேலைகளையும் அடியிலிருந்து நடத்தும் மென்பொருள்தான் கெர்னல். தூத்துக்குடியில் ஒரு சிறு குழு, மீன்பிடிப் படகுகள் ஆபத்தில் உதவி கேட்கும் அபாயக் கருவிக்காக அப்படி ஒரு கெர்னலை எழுதியது.

எந்த வேலை எப்போது நடக்க வேண்டும் என்று குறித்துவைக்கும் நேரப் பகுதி தில்லைநாயகியுடையது. செய்தி அனுப்பும் ரேடியோப் பகுதி சவரிமுத்துவுடையது. நேரம் வேண்டுமென்றால் அவருடைய பகுதி அவளுடைய பகுதியைக் கேட்பதில்லை. அதற்குள் இருக்கும் எண்ணை நேராகவே எடுத்துக்கொள்ளும்.

"கேட்டு வாங்குனா வேகம் கொறையும்மா" என்பார் சவரிமுத்து. எல்லோருக்கும் அதுவே வழக்கம்.

ஒருமுறை கணக்கு துல்லியமாகட்டும் என்று, நொடிகளாக இருந்த எண்ணைத் தில்லைநாயகி மில்லிநொடிகளாக, அதாவது நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்காக மாற்றினாள். அவள் பகுதி சரியாக ஓடியது. ரேடியோப் பகுதியோ அதை நொடி என்றே எடுத்துக்கொண்டது; ஐந்து நொடி அதற்கு ஐயாயிரம் நொடியானது. மணப்பாடு அருகே ஒரு படகில் தண்ணீர் ஏறியபோது, ஐந்து நொடியில் போக வேண்டிய அபாயச் செய்தி ஒரு மணி நேரமாகியும் போகவில்லை. தற்செயலாக அவ்வழி வந்த வேறொரு படகு ஆட்களைக் காப்பாற்றியது.

"இனிமே யாரும் எதையும் மாத்தக் கூடாது" என்றார் குழுத் தலைவர் பீர்முகம்மது.

"மாத்தாம எப்படிங்க வளரும்? ஒருத்தரோட பகுதிக்குள்ள அடுத்தவங்க பாக்காம இருந்தா போதும்" என்றாள் தில்லைநாயகி.

அன்று மாலையே தன் தரவின் அமைப்பை எல்லோரும் பயன்படுத்தும் பொதுக் கோப்பிலிருந்து எடுத்துத் தன் கோப்புக்குள் வைத்துவிட்டாள். வெளியே அதன் பெயரையும், கேட்டால் பதில் தரும் ஃபங்ஷன்கள் என்ற சிறு நிரல் துண்டுகள் சிலவற்றையும் மட்டுமே விட்டாள். கெர்னல் கம்பைல் ஆகவில்லை; எழுதிய நிரல் ஓடும் வடிவுக்கு மாற மறுத்தது. திரையெங்கும் பிழைகள்.

சவரிமுத்து ஓடி வந்தார். "எல்லாத்தையும் ஒடச்சிட்டியே!"

"ஒடையலண்ணே. யாரு கை எங்கெல்லாம் உள்ள இருந்துச்சுன்னு காட்டுது. வாங்க, சேந்து சரிபண்ணுவோம்."

ஒவ்வொருவர் பக்கத்திலும் உட்கார்ந்து திருத்தினாள். வேகத்தையும் அளந்தார்கள். வேகத்தில் ஏற்பட்ட குறைவு கண்ணுக்கே தெரியவில்லை.

சில மாதங்கள் கழித்து நேரப் பகுதியின் உள்ளமைப்பை அடியோடு மாற்றி எழுதினாள். வேறு யாரும் ஒரு வரிகூடத் திருத்தவில்லை. கடலிலிருந்து சோதனைச் செய்தி சொன்ன நொடியில் வந்து சேர்ந்தது. சவரிமுத்து எழுந்து நின்று கைதட்டினார். பிறகு, யாரும் சொல்லாமலே தன் ரேடியோத் தரவையும் உள்ளே எடுத்து வைத்தார்.

அன்று முதல்தான் அந்தக் கெர்னலில் ஒவ்வொரு பகுதியும் தன் உள்ளமைப்பைத் தன்னோடு வைத்துக்கொள்கிறது. தேவையானதை மற்றவை கேட்டே பெறுகின்றன.