பதக்கத்தில் விழுந்த மீசை

நகைக்கடை ஆறுமுகநயினார் பதக்கத்தை ஆட்டிக்கொண்டு முத்துக்கனி வீட்டு வாசலில் நின்று கத்தினார். "படம் எடுக்கக் கொடுத்தா கீறியா வச்சிருக்க? நான் தரும்போதே கீறல் இருந்துச்சுன்னா காட்டு. இல்லாட்டி புதுசு செஞ்சு குடு!"

தெருவே கூடிவிட்டது. முத்துக்கனி அசரவில்லை. ஜன்னலோரம் வெள்ளை வேட்டியைத் திரைபோலக் கட்டி, அந்த மறைவில்தான் அவள் நகைகளைக் கிட்டத்தில் படமெடுப்பாள். திரை கட்டுமுன் வெளிச்சம் பார்க்க ஒரு படம் எடுப்பாள். எதிரே நிற்பவர் முகம் தங்கத்தில் விழுந்து அது வீணாகும்.

"அன்னைக்கு நீங்க வச்ச கையோட எடுத்த வீணாப்போன படம் இருக்கு, அண்ணாச்சி" என்று செல்போனில் பெரிதாக்கிக் காட்டினாள்.

பதக்கத்தில் முறுக்குமீசையோடு ஆறுமுகநயினார் முகம். அந்த மீசைக்குக் குறுக்கே ஓடியது கீறல்.

"கீறல் நான் போட்டதுன்னா, மீசையும் நான் வச்சதுதான்."