கிழக்கு மூலை வெங்காயம்

தனக்கென்று கையகல நிலமாவது வேண்டுமென்று நாற்பது வருடம் ஏங்கிய கூலிக்காரி மாராத்தாள், ஒருநாள் கேட்டேவிட்டாள். பண்ணை முதலாளி நஞ்சப்பர் ஊரார் முன்னால் சிரித்தார்.

"மூட்டை மூட்டையா நான் உரம் கொட்டியும் விளையாத கிழக்கு மூலையில, பிடி உரம் போடாம வெங்காயம் எடு. உனக்கே எழுதித் தர்றேன்."

மாராத்தாள் பக்கத்துக் கரட்டு மேட்டில் முளைத்த புல்லை வேரும் மண்ணுமாகப் பெயர்த்து வந்து, ஒவ்வொரு வெங்காயத்துக்கும் அடியில் வைத்து நட்டாள். காய் திரண்டது.

"உரத்தை எங்க திருடின?" என்று குதித்தார் நஞ்சப்பர்.

"உங்க உரந்தானுங்க. நீங்க கொட்டின மணிச்சத்து, அதானுங்க பாஸ்பரஸ், மண்ணுல இறுகிக் கிடந்துச்சு. புல்வேர்ப் பூஞ்சை அதை எடுத்து ஊட்டிருச்சு. விவசாயக் காலேஜ் தோட்டத்துல களை வெட்டறப்போ கேட்டதுங்க."

ஊர் சிரித்தது. அவர் எழுதிக் கொடுத்தார்.

மாராத்தாள் வரப்பிலேயே நெடுநேரம் நின்றாள். யாராவது ஏவினால் மட்டுமே வயலில் இறங்கிப் பழகிய கால்கள், இன்னும் அந்தக் குரலுக்குக் காத்திருந்தன.