பல்லக்கும் ஒரு கருவிதான்

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் இன்றைக்கும் யாராவது கோபித்துக்கொள்ளக்கூடிய ஒரு ராஜ்ஜியத்தில், குழைக்காதர் என்றொரு விகடகவி இருந்தார். ராஜாவைச் சிரிக்க வைப்பது அவர் உத்தியோகம். முப்பது வருஷமாக அதையே செய்து செய்து அவருக்குச் சிரிப்பு என்றாலே அலுப்பு தட்டிவிட்டது. இன்றைக்கு எந்த முட்டாள்தனத்துக்கு மருந்து போட வேண்டுமோ என்று நினைத்துக்கொண்டேதான் தினமும் காலில் செருப்பை மாட்டுவார்.

அந்த ஊரில் அரசாங்கக் கல்விச்சாலை ஒன்று இருந்தது. அதில் வான சாஸ்திரம் படிக்கும் மாணவர்கள் வருஷா வருஷம் கருவிக் கட்டணம் கட்ட வேண்டும். அந்தக் கட்டணத்தை நிர்ணயிக்கும் விதமே தனி. முதலில் கல்விச்சாலைத் தலைவர் சோமேசர் வீட்டில் ஏதாவது ஒரு சாமான் இல்லை என்று தெரியவரும். அதன் விலையை விசாரிப்பார்கள். மாணவர் தலைக்கு இவ்வளவு என்று வகுப்பார்கள். கடைசியில்தான் அந்தச் சாமானுக்குக் கருவி என்று ஒரு பெயர் சூட்டுவார்கள். மாணவர்களைக் கேட்காமல் கட்டணத்தை உயர்த்தக்கூடாது என்று சட்டம் இருந்தது. கேட்கவும் செய்தார்கள். கட்டணச் சபையில் மாணவர் சார்பில் உட்கார்ந்திருந்தவர் சோமேசரின் மைத்துனர். அவருக்குத் தலை நரைத்துவிட்டது, இன்னும் முதல் பாடத்தைத் தாண்டவில்லை.

இப்படித்தான் சோமேசர் வீட்டுக்கு ஒரு பல்லக்கும், தேக்கு ஊஞ்சலும், வெற்றிலை துப்ப வெள்ளிப் படிக்கமும் வந்து சேர்ந்தன. மாணவர்களுக்கு இருந்ததெல்லாம் ஒரே ஒரு நாழிகை வட்டில். அடியில் துளையிட்ட அந்தச் செப்புக் கிண்ணத்தைத் தண்ணீரில் மிதக்கவிட்டால், நீர் ஏறி அது மூழ்கும்போது ஒரு நாழிகை ஆயிற்று என்று கணக்கு. துளையில் பாசி அடைத்துப் பல காலம் ஆகிவிட்டதால் கிண்ணம் மூழ்குவதே இல்லை. அதனால் பாடமும் முடிவதில்லை. மாணவர்கள் பசியில் சுருண்டு கிடப்பார்கள், ஆசிரியர் கிண்ணத்தை எட்டிப் பார்த்துவிட்டு இன்னும் நாழிகை ஆகவில்லையே என்பார். பாசியை எடுத்துவிடலாம் என்றால், கருவியைத் தொட மாணவர்களுக்கு அனுமதி இல்லை.

அந்த வருஷம் சோமேசர் மகளுக்குக் கல்யாணம். கட்டணம் இரட்டிப்பாகிவிட்டது. அதே வாரம் ராஜாவின் பிறந்தநாள் ஊர்வலம் வந்தது. வீதியோரம் நின்ற மாணவர்களின் முகங்களைப் பார்த்ததும் ராஜாவுக்கு மனசு கெட்டுவிட்டது. கட்டணம் ஏன் இரட்டிப்பானது என்று அவர் கேட்கவில்லை. முகம் ஏன் இப்படி இருக்கிறது என்றுதான் கேட்டார். வரும் பௌர்ணமிக்குள் எல்லா மாணவர்களும் சிரித்த முகத்தோடு கட்டணம் கட்ட வேண்டும், முடியாதவன் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊர் போய்ச் சேரட்டும் என்று ஆணையும் போட்டுவிட்டார்.

சோமேசருக்குக் குழைக்காதரைக் கண்டால் ஆகாது. சமயம் பார்த்து அவர், சிரிக்க வைப்பது விகடகவியின் வேலையாயிற்றே, அதை அவரிடமே ஒப்படைக்கலாமே என்றார். ராஜாவுக்கு அந்த யோசனை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

அன்று சாயங்காலம் பூவணன் என்ற மாணவன் குழைக்காதர் வீட்டுக்கு வந்தான். இன்னும் ஒரே வருஷம் படித்தால் பஞ்சாங்கம் கணிக்கத் தகுதி பெறுவான். போன வருஷக் கட்டணத்துக்கு அவன் அப்பா உழவு மாட்டில் ஒன்றை விற்றிருந்தார். மிச்சம் இருக்கும் ஒன்றையும் விற்கச் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. அவனைப்போல இன்னும் பாதிப்பேர் மூட்டை கட்டிவிட்டார்களாம்.

"ஐயா, சிரிக்கச் சொன்னால் சிரித்துவிடுவேன். காசுக்கு எங்கே போவேன்?" என்றான்.

குழைக்காதருக்கு, இத்தனை பேர் படிப்பு ஒரு ஊஞ்சலுக்கும் படிக்கத்துக்கும் போகிறதே என்று ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரத்தைக் காட்டக்கூடத் தனக்குத் தெம்பில்லையே என்று வருத்தமும் வந்தது. "மூட்டையை அவிழ்த்து வை தம்பி. நாளைக்குச் சபைக்கு வந்து ஓரமாக நில்," என்று அனுப்பிவைத்தார்.

மறுநாள் சபையில் குழைக்காதர் எழுந்து, மாணவர்கள் சிரிக்க வேண்டுமானால் தங்கள் காசு தங்களுக்கே செலவாகிறது என்று அவர்கள் நம்ப வேண்டும், அதைச் சோமேசரே அரசர் முன்னிலையில் சொல்லிவிட்டால் போதும் என்றார். சோமேசர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, ஒரு செப்புக்காசு விடாமல் எல்லாம் மாணவர் கருவிக்கே என்றார்.

"அப்படியானால் பல்லக்கு?"

"ஆசிரியனைப் பாடத்திடம் கொண்டு சேர்க்கும் கருவி."

"ஊஞ்சல்?"

"சிந்தனையைத் தூண்டும் கருவி."

"வெள்ளிப் படிக்கம்?"

"தொண்டை தெளிந்தால்தானே ஐயா பாடம் தெளியும்? அதுவும் கருவிதான்."

குழைக்காதர் ராஜாவைக் கும்பிட்டார். "அரசே, கருவிக் கட்டணத்தில் வாங்கியதெல்லாம் மாணவர்களுடையது என்று தாங்களும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அவர்கள் மனம் குளிரும்."

"அதிலென்ன, அப்படியே ஆகட்டும்," என்றார் ராஜா.

அன்று மத்தியானமே மாணவர்கள் திரளாகச் சோமேசர் வீட்டுக்குப் போய், எங்கள் கருவிகளை எடுத்துப்போக வந்தோம் என்று பணிவாகச் சொல்லி, பல்லக்கையும் ஊஞ்சலையும் படிக்கத்தையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். போகிற போக்கில் வட்டிலின் பாசியையும் எடுத்துவிட்டார்கள். சோமேசர் குதித்தார். ஆனால் யாரிடம் போய் முறையிடுவது? அவை என்னுடையவை என்றால் மாணவர் பணத்தைத் தின்றேன் என்று ஆகும். அதற்கு அந்த ராஜ்ஜியத்தில் கழுத்தே போகும்.

இடையில் கல்யாணம் வந்துவிட்டது. மாப்பிள்ளை அழைப்புக்குப் பல்லக்கு வேண்டும். கல்யாணப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஊஞ்சலில் உட்கார்த்தி வைக்க வேண்டும். சம்பந்தி வீட்டார் முன்னால் மண் படிக்கத்தை எப்படி வைப்பது? சோமேசர் பூவணனைத் தேடிப்போய், மென்று விழுங்கி, இரண்டு நாளைக்கு இரவல் கேட்டார்.

"இரவல் எதற்கு ஐயா? வாடகைக்கே தருகிறோம்," என்றான் பூவணன்.

அவன் கேட்ட வாடகை அத்தனை மாணவர்களின் கட்டணத்துக்கும் சரியாக இருந்தது. சோமேசர் பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தார்.

பௌர்ணமியன்று மாணவர்கள் பல்லக்கைத் தூக்கிக்கொண்டு சபைக்கு வந்து கட்டணம் கட்டினார்கள். எல்லார் வாயும் காதுவரை இருந்தது. ராஜா காரணம் கேட்டார், குழைக்காதர் நடந்ததைச் சொன்னார். ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்கியதும் கட்டணத்தைப் பற்றி ஒரு கேள்வியாவது கேட்பார் என்று குழைக்காதர் காத்திருந்தார். ராஜா கேட்கவில்லை. விகடகவிக்கு ஆயிரம் பொன் கொடுங்கள் என்றார்.

எந்தக் கணக்கில் எழுதுவது என்று பொக்கிஷதாரர் கேட்டார்.

"கருவிக் கட்டணத்தில் எழுதும். இவரும் ஒரு கருவிதானே, சிரிக்க வைக்கும் கருவி," என்றார் ராஜா. சபையே சிரித்தது.

குழைக்காதருக்குச் சிரிப்பு வரவில்லை. மாணவர்கள் கட்டி இன்னும் கை ஈரம்கூடக் காயாத பணம் அது. பிறகு அவர் பொற்கிழியை வாங்கிப் பூவணன் கையில் கொடுத்தார்.

"அரசே, கருவிக் கட்டணத்தில் வாங்கியதெல்லாம் மாணவர்களுடையது என்பது தங்கள் வாக்கு. இன்றுமுதல் நானும் அவர்களுடையவன்," என்று சொல்லிவிட்டு, மெல்ல நடந்துபோய்ப் பல்லக்கில் ஏறிக் காலை நீட்டிக்கொண்டார். மாணவர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். ராஜா கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

மறுநாள் சபை கூடியதும் ராஜா வழக்கம்போல, எங்கே, ஒன்று சொல்லும் என்று பக்கத்து ஆசனத்தைத் திரும்பிப் பார்த்தார். ஆசனம் காலியாக இருந்தது. கல்விச்சாலைக்குச் சேவகனை அனுப்பினார்கள். பூவணன் வாசலுக்கு வந்து கும்பிட்டான்.

"அரசருக்கு வேண்டுமானால் வாடகைக்குத் தருகிறோம். ஆனால் இன்றைக்கு இல்லை. முப்பது வருஷம் ஓய்வில்லாமல் ஓடிய கருவி, தூங்குகிறது," என்றான்.